கருப்பட்டி போட்ட ஓட்ஸ் பிஸ்கட்

மூன்றாவது கருவும் தங்காமல் போன பிறகு எனக்கு எதுவுமே பெரிதாகத் தோன்றவில்லை. முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே துணி துவைத்தேன். பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அப்போது காரைக்குடி செக்காலையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் கதவு சன்னல்களைச் செப்பனிடக் காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். பகலெல்லாம் நான் தனியாகத்தான் இருந்தேன்.

அவருடைய தங்கையைக் கொத்தமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் அடிக்கடி பஸ் ஏறி வருவாள். வரும்போதெல்லாம் அரைத்த கோதுமை மாவு, ரவா லட்டு என்று ஏதாவது கையில் இருக்கும். "சத்து இல்லாமத்தான் தங்க மாட்டேங்குது மதினி. நல்லாத் திங்கணும்" என்பாள். தின்றேன். காலையில் கோதுமைக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி. தின்னத் தின்ன வயிறு உப்பியது, வயிற்றோட்டம் நிற்கவில்லை, வளையல் முழங்கை வரை ஏறியது. யார் யாரோ மருந்து கொடுத்தார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குக் கோதுமை ஆகாதும்மா. குடல் ஏத்துக்கிடல. கோதுமை, மைதா, ரவை, சேமியா எதையும் வாயில வைக்கக் கூடாது. குடல் ஆறுற வரைக்கும் வெள்ளைச் சீனியும் வேண்டாம்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கரு தங்காததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "பால் குடிக்கலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது அதுதான்.

சோறும் இட்லியும் போதும் என்று இருந்துவிட்டேன். சாயங்கால டீயோடு பிஸ்கட் தின்பது மட்டும் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். டீ டம்ளரை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வாசலில் நிற்பதைப் பக்கத்து வீட்டு டீச்சர் பார்த்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர். கிறிஸ்மஸுக்குக் கேக் சுடுவதற்கென்று கண்ணாடி மூடி போட்ட வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று வைத்திருந்தார். அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து ஓட்ஸ் டின் அனுப்புவார்.

"இதுல பிஸ்கட் சுட்டுப் பார்ப்பமா?" என்றார்.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "ஓட்ஸ் சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. வேற தானியம் கலக்காததாப் பார்த்துக் கொஞ்சமாத் தின்னுங்க" என்றார்.

கேக் மாவு ஒட்டியிருக்கும் என்று ஓவனையும் தட்டையும் டீச்சர் புளி போட்டு விளக்கி வைத்திருந்தார். ஓட்ஸை வறுத்துப் பாதியை மிக்ஸியில் பொடித்தோம். கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து வடிகட்டி, வெண்ணெய் போட்டுப் பிசைந்தோம். முட்டை உடைத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்றார் டீச்சர். எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. அது இல்லாமலே தட்டிச் சுட்டோம். வெந்ததும் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்பூனால் அள்ளித் தின்றேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை.

இதைக் கேள்விப்பட்டு நாத்தனார் மறு வாரமே வந்துவிட்டாள். டீச்சர் பள்ளிக்கூடம் போகும்போது வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தார். இருவரும் அங்கே போய் மாவு பிசைய ஆரம்பித்தோம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சந்தில் சத்தம் கேட்டது. அவளை விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பிஸ்கட் வெந்திருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. முழுசு முழுசாக, கடையில் வாங்கியது போல இருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. ஆசையாகத் தின்றேன். அவள் இரண்டு நாள் தங்கினாள், நானும் இரண்டு நாளும் தின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பழைய வயிற்று வலி, பழைய ஓட்டம். ஓட்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மதினி... ஒரு கை மைதாதான் போட்டேன். டீச்சர் வீட்டு டப்பால இருந்துச்சு. மாவு உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சா, ஒரு கை என்ன செய்யப் போகுதுன்னு..."

எழுந்து போய்ப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து சந்தில் வீசினேன். டப்பா உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது.

"மூணு பிள்ளைய வாரிக் குடுத்துட்டேன். இன்னும் என்னத்தடி குடுக்கணும்?" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். என் குரல் அத்தனை உயரும் என்று எனக்கே தெரியாது. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். அரிசி களைந்து உலை வைத்தேன்.

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கும் பாவம் வெவரம் பத்தல" என்றார். போய்ச் சாக்கடை ஓரத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்து சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ரொம்ப நாள் அவள் வரவில்லை. தீபாவளி கழிந்து ஒரு காலையில் வாசலில் வந்து நின்றாள். கையில் கருப்பட்டியும், வறுத்து அரைத்த அரிசி மாவும்.

"உள்ள வரலாமா மதினி?"

"வா."

"அதிரசத்துக்குப் பாகு வைக்கிறோம்ல, அது எப்படி மாவப் பிடிச்சுக்கிருது! கருப்பட்டியச் சும்மா கரைச்சு ஊத்தினா உதிரத்தான் செய்யும். பாகு வச்சுப் பார்ப்போம். மாவு எங்க வீட்ல திருகையில அரைச்சது, கோதுமை அரைக்கிற மில்லுல குடுக்கல. நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க, நான் வேறெதையும் தொட மாட்டேன்."

டீச்சர் வீட்டில் அடுப்பருகே நின்று பார்த்தேன். கருப்பட்டிப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து இறக்கினாள். சுடச்சுட ஓட்ஸிலும் அரிசி மாவிலும் ஊற்றிக் கிளறினாள். ஆறியதும் தட்டிச் சுட்டோம். ஓரம் கொஞ்சம் கருகியது. ஆனால் உதிரவில்லை. கடித்தால் பல்லுக்குக் கெட்டியாக இருந்தது.

நான் மென்று முடிக்கிற வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா மதினி?"

"தெரியல. இன்னொண்ணு குடு" என்றேன்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ஒரு வருஷத்தில் உடம்பு தேறியது. வளையல் கையில் நின்றது. டாக்டர், "இனிமே பயமில்லாம முயற்சி பண்ணலாம்" என்று சொன்னார். பிள்ளை பிறந்ததா என்று கேட்பார்கள். பிறக்கவில்லை. அதற்கப்புறம் கருவே உண்டாகவில்லை. வயதாகிவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

டீச்சர் மாற்றலாகிப் போனபோது ஓவனை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். நாத்தனார் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் பிஸ்கட் கேட்பார்கள், சுட்டுக் கொடுப்பேன். யாரும் வராத மாதத்திலும் ஒரு தடவை சுடுவேன். பாகு முறுகிவிடக் கூடாது என்பதில்தான் கவனமெல்லாம் இருக்கும். அந்த நேரத்தில் மனசில் வேறு எதுவும் ஓடாது. அது போதும் என்றிருந்தது.