கரவெட்டி ஸ்ரேசன்

லண்டனில் வளர்ந்த நான், ஒரு வருட வேலை விசாவில் உழைக்கவும் ஊர் சுற்றவும் ரொறன்ரோவுக்கு வந்த முதல் வாரம் அது. ஊரில் போர் நடந்த அந்தத் தொண்ணூறுகளில் முன்பின் தெரியாத தமிழரோடு வாய்விட்டுக் கதைக்க எனக்குப் பயம். யார் எந்த இயக்கம், யார் யாருக்குத் தகவல் சொல்கிறவர், யாருக்குத் தெரியும்? ஸ்காபரோ பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

“தம்பி ஊரிலை எவ்விடம்?”

உமக்கேன் அது என்று எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. எங்கேயோ கேள்விப்பட்டிருந்த ஒரு பெயரை அவிழ்த்துவிட்டேன்.

“கரவெட்டி, அண்ணை.”

“ஸ்ரேசனுக்குக் கிட்டவோ?”

“ஓம், ஸ்ரேசனடிதான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கரவெட்டிப் பக்கம் ரயிலே இல்லையே, தம்பி” என்றவர், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ட்ரைவருக்குப் பின்னால் போய் இருந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்க் கடையொன்றில் மரக்கறி வாங்கினேன். கல்லாவில் நின்ற அன்ரி குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி இஞ்சை புதுசோ? கவனம். ஊரைப் பொய் சொல்லிக்கொண்டு ஒருத்தன் பஸ்ஸிலை திரியிறானாம். ஆர் கேட்டாலும் ஒண்டும் சொல்லிப்போடாதையும்.”

தலையாட்டினேன். மரக்கறிப் பையை நீட்டியபடி அவர் கேட்டார்:

“அது சரி, நீர் ஊரிலை எவ்விடம்?”