எரியாத பல்புக்காகச் சண்டைக்குப் போனேன்

சண்டை பிடிக்கப் போவதென்றால் முதல்நாளே வசனம் எழுதிப் பாடமாக்கிவிடுவது என் வழக்கம். வேலையே எழுத்தாச்சே! இரண்டு மாதத்துக்கு முன் கண்டி டவுனில் ஒரு மருத்துவ உபகரணக் கடைக்கு அப்படித்தான் போனேன் — ஒரு கையில் சிவப்பு வெளிச்ச மெஷின், மறு கையில் பில், பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா.

"கத்தாதீங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க" என்று கடைப் படியிலேயே சொன்னாள். கேட்டேனா?

விஷயம் இதுதான். ஸ்டெல்லா கணித டீச்சர். நாலு மாதமாக வலது தோள் இறுகிப்போய்க் கிடந்தது. கை நெஞ்சளவுக்கு மேல் எழும்பாது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுவாள். பின்வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பவர்களின் தலைதான் தெரியும். "பிள்ளைகள ஏமாத்துற மாதிரி இருக்குங்க. இந்தப் பள்ளித் தவணை முடிய பென்ஷனுக்குக் குடுத்துறேன்" என்று கடிதமே எழுதி வைத்துவிட்டாள். இன்னும் ஐந்து வருட சேவை இருக்கிறது. கணக்கென்றால் சோறு தண்ணீர் மறக்கிறவள்!

க்ளினிக்கில் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு வெளிச்சமும் பிடித்துப் பார்க்கலாம், சிலருக்கு வலி குறைகிறது என்றார்கள். உடனே வாங்கினேன். இரண்டு கிழமை பிடித்தோம். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் கவனித்தேன்... அறுபது பல்பில் முப்பது எரியவே இல்லை!

கடையில் விளக்கம் சொல்ல இருந்தவர் ஃபஸ்மினா என்ற ஃபிசியோதெரபிஸ்ட். கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடக்காரர். நான் பாடமாக்கியதை எல்லாம் ஒப்புவித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"சேர், ஃபோன் ஈக்கா?"

"எதுக்கு, பொலிசுக்கு எடுக்கவா?"

"இல்ல சேர், கெமராவத் திறந்து இதப் பாருங்க."

பார்த்தேன். அட கடவுளே! கண்ணுக்கு இருட்டாக இருந்த முப்பது பல்பும் திரையில் ஊதா நிறமாக மினுங்குகின்றன. "ஸ்டெல்லா, எரியுது பாரு!" என்று கடை நடுவில் கத்திவிட்டேன். கத்தவேண்டாம் என்று அவள் சொன்னது இதற்கல்லவே?

"அது நியர் இன்ஃப்ராரெட் சேர். எங்கட கண்ணுக்குப் படாது, சில கெமராவுக்குப் படும். சிவப்பாத் தெரியிறது அறுநூத்தி அறுபது நானோமீற்றர். இது எண்ணூத்தி ஐம்பது. இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போகும்."

பெட்டியில் 660, 850 என்று போட்டிருந்ததை நான் மொடல் நம்பர் என்றல்லவா நினைத்திருந்தேன்! அது அலைநீளமாம். வெளிச்சம் அலை அலையாகத்தான் போகிறது. ஒரு அலையின் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள தூரம் அது. நானோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

"பெட்டியில மில்லிவாட்னும் போட்டிருக்கே, அது என்ன?" — கேட்டது ஸ்டெல்லா.

"ஒரு சதுர சென்ரிமீற்றர் தோல்ல எவ்வளவு வெளிச்சம் விழுதுன்ற அளவு, டீச்சர். பைப்புல தண்ணி எவ்வளவு வேகமா வருதுன்ற மாதிரி. மெஷினத் தள்ளி வச்சா குறையும். வாளியில மொத்தம் எவ்வளவு நிறைஞ்சிதுன்றதுதான் டோஸ். அது ஜூல் கணக்கு."

"அப்ப நேரத்தால பெருக்கணும்! ஐம்பது மில்லிவாட்னா ஒரு நிமிஷத்துக்கு... மூணு ஜூல்!"

"சரியாச் சொல்லிட்டீங்க டீச்சர்!"

நாலு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். அங்கேயே ஃபஸ்மினாவுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது.

"ஆனா டோஸ் கூடினா பலனும் கூடும்னு இல்ல. எப்பிடிப் பிடிக்கிறீங்க?" என்றார் ஃபஸ்மினா.

பெருமையாகச் சொன்னேன். முதலில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்போம். எண்ணெய் போட்ட இடத்தில் காற்றுப் படலாமா? கண்டிக் குளிர் சும்மா விடுமா? ஆகவே தடித்த துவாயை இரண்டாக மடித்துத் தோளை மூடுவோம். அதற்கு மேல் வெளிச்சம்.

"துவாய்க்கு மேலயா சேர்?"

"ஆமா... ஏன்?"

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. "ரெண்டு கிழமையா துவாய்க்குத்தான் வைத்தியம் பாத்திருக்கோம்!" சிரித்த சிரிப்பில் தோள் வலித்து "அம்மா" என்றாள். அப்படியும் நிறுத்தவில்லை.

"எங்க உம்மாவும் எண்ணெய் பூசினா மூடிக் கட்டாம விடமாட்டாங்க" என்று ஃபஸ்மினா என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றினார். "வெறும் தோல்ல பிடிங்க. கண்ணுக்கு வெளிச்சம் தடுக்கிற கண்ணாடி போடுங்க. பயிற்சிய மட்டும் விடவே வேணாம். வெளிச்சம் தனிய ஒண்டும் செய்யாது."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு மட்டும் வசனம் எழுதி வைத்திருக்கவில்லை. தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க நமக்கு எவ்வளவு வெட்கம்! தெரியாமல் கத்துவதற்கு மட்டும் வெட்கமே இல்லை.

வீட்டில் ஸ்டெல்லாவின் ராச்சியம். தூரம், நிமிடம், ஜூல் என்று அட்டவணை போட்டு ஒட்டினாள். காலையும் மாலையும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. விரல் எட்டிய இடத்தில் பென்சில் கோடு. கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியது. நான் தினமும் அளவுகோலோடு நின்றேன், எனக்கே பரீட்சை முடிவு வருகிற மாதிரி.

இந்தத் திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன்.

"என்னங்க! மேல எழுதிட்டேன்!"

"என்ன எழுதுன?"

"திகதிய! அழிச்சிட்டு இன்னொரு தரமும் எழுதினேன்!"

வெளிச்சம் எவ்வளவு செய்தது, பயிற்சி எவ்வளவு செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், தெரியாது. கை மேலே போயிருக்கிறது, அது போதும்!

"அப்ப அந்தப் பென்ஷன் கடிதத்த என்ன செய்ய?" என்றேன்.

"எந்தக் கடிதம்?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.