வார்சினி தன் வீட்டை எடுத்துக்கொண்டாள்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பே வார்சினியின் வீடு புகுந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பிறகுதான் போனாள்.

பிறந்த ஊரான சும்பர்வுனி மலைச்சரிவில் இருந்தது. புகுந்த ஊரான கராங்ஜாத்தி கீழே, வயல்களுக்கு நடுவில். ஒரே மகளுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்த அவள் அப்பா, தான் கட்டிய தேக்கு வீட்டையே கொடுத்தார். தூண், உத்திரம், ஓடு எல்லாவற்றையும் கழற்றி, ஊர் ஆண்கள் தோளில் சுமந்து வந்து, மாப்பிள்ளை வீட்டு மனையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அதற்குக் கூலி கிடையாது. சோறும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரும், கிராம்பு சிகரெட்டும்தான். இன்று அவர்கள் நமக்கு, நாளை நாம் அவர்களுக்கு. இந்த முறைக்குச் சம்பதான் என்று பெயர்.

அந்த வீட்டில் அவள் முப்பத்தாறு வருடம் வாழ்ந்தாள். கணவன் தார்முஜி அதிகம் பேசாதவன். பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக ஒரு நாள்கூட அவன் அவளைச் சுடுசொல் சொன்னதில்லை. அவள் நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்தாள். பதினொரு பெண்கள் அவள் பின்னால் சேற்றில் இறங்குவார்கள். யார் வீட்டில் சமையல் வேலை இருந்தாலும் முதலில் அடுப்பு மூட்டுகிறவள் அவள்தான்.

தார்முஜிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் மரத்துப்போய், பேச்சும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை அவள் மருந்து வாங்கச் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, அவனுடைய வலது கட்டைவிரல் நீல மையால் நனைந்திருந்தது. அருகில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் சுராஜி, அது அரசாங்க வைத்திய உதவிக்கான காகிதம் என்றான். அவள் நம்பினாள். தேங்காயெண்ணெய் தொட்டு அந்த மையைத் துடைத்தாள். கணவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. வலியால் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாளே, பாவி மகள்!

சில மாதங்களில் தார்முஜி இறந்துபோனான். இறந்தவருக்கு ஆயிரமாவது நாள் விருந்து முடிகிற வரை கராங்ஜாத்தியில் யாரும் சொத்துப் பேச்சு எடுக்க மாட்டார்கள். சுராஜியும் எடுக்கவில்லை. ஆயிரத்தோராவது நாள் எடுத்தான். இருபத்திரண்டு வருடம் வரிசையில் காத்திருந்த ஹஜ் பயணத்துக்கு அவனுக்கும் மனைவி லாஸ்திரிக்கும் அந்த வருடம் முறை வந்திருந்தது. மீதிச் செலவுக்கு அண்ணனின் வயலை விற்றுவிட்டதாகச் சொன்னான். எப்படி விற்றாய் என்று கேட்டதற்கு ஒரு காகிதத்தைக் காட்டினான். கீழே கட்டைவிரல் ரேகை. அந்த வெள்ளிக்கிழமையின் தேதி.

வார்சினி கத்தவில்லை. அன்று முழுவதும் அந்த மையைத் துடைத்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எழுந்தபோது அவளுக்குள் வேறொருத்தி எழுந்திருந்தாள்.

வீட்டு மனையும் மாமனார் வழி நிலம். பிள்ளையில்லாத விதவைக்கு அதில் இடமில்லை, பிறந்த ஊருக்கே போய்விடட்டும் என்று சுராஜி ஊர் அலுவலகத்தில் முறையிட்டான். ஊர்த் தலைவர் இருவரையும் அழைத்தார். மதியத் தொழுகைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

சுராஜி தேன் தடவினாற்போலப் பேசினான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க அண்ணி. நிலம் எங்க அப்பா வழி. உங்களுது எதுவோ அதை எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு கரண்டியக்கூடத் தடுக்க மாட்டேன்."

அவன் நினைத்தது பானை சட்டியும், ஒரு பாயும், இரண்டு ஆடுகளும். கராங்ஜாத்தியில் வீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எல்லாரும் சிமெண்டில் கட்டுகிறார்கள். சிமெண்ட் வீடு கட்டிய இடத்தைவிட்டு நகராது. சுராஜியின் வீடும் அப்படித்தான்.

"அதையும் எழுதிக்குங்க தலைவரே, ஒரு கரண்டியக்கூடத் தடுக்க மாட்டார்னு" என்றாள் வார்சினி. அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் எழுதினார். சுராஜி கையெழுத்துப் போட்டான்.

இன்னொன்றும் கேட்டான் அவன். பயணத்துக்கு முன் ஊரைக் கூட்டி விருந்து வைத்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதுதானே வழக்கம்? தன் வீட்டில் ஐம்பது பேர்கூட உட்கார முடியாது. அண்ணியின் தேக்குக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா? அது முடிந்ததும் அவள் மெதுவாகக் கிளம்பினால் போதும். அவளை விரட்டுகிறவன், அவள் கூரைக்குக் கீழேயே புண்ணியம் தேட வந்தான்! வார்சினி சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். அழைப்பிதழ் அச்சாயிற்று.

சும்பர்வுனியில் அவளுக்கு அப்பா விட்டுப்போன கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. தம்பி வாகியோவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்பது ஆட்களைச் சேர்த்தான். நடவுப் பெண்களிடம் அவளே சொன்னாள். பதினெட்டு நாள் அந்தப் பதினொரு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. தன் வாழ்க்கையிலேயே புருஷனிடம் இவ்வளவு நாள் மறைத்தது இது ஒன்றுதான் என்று பைனா என்பவள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

விருந்துக்கு முந்தின நாள் சுராஜியும் லாஸ்திரியும் ஹஜ் பயணத்துக்கான கடைசி வகுப்புக்காக டவுனுக்குப் போனார்கள். அவர்கள் ஏறிய வேன் திருப்பத்தைத் தாண்டியதும், மலைப்பக்கமிருந்து மூன்று லாரிகள் வந்தன.

முதலில் ஓடு. வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி இறக்கினார்கள். பிறகு சட்டங்கள். வீடு முழுவதிலும் ஓர் இரும்பு ஆணி கிடையாது. மர ஆப்புகளைத் தட்டினால் பொருத்துகள் கழன்றன. ஒவ்வொரு பொருத்திலும் அப்பா கரியால் போட்ட அடையாளம் அழியாமல் இருந்தது. நடுக்கூடத்தின் நான்கு தூண்களுக்கும் எட்டெட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். பைனாவும் மற்றவர்களும் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயைப் பொரித்துப் போட்டார்கள்.

யாரோ சொல்லித் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வார்சினி காகிதத்தை நீட்டினாள். தான் எழுதியதையே இரண்டு முறை படித்தவர், தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

தூண்களைத் தாங்கிய கல் பீடங்களைக்கூட அவள் விடவில்லை. எல்லாம் ஏறிய பிறகு வாடகை நாற்காலிக்காரன் வந்து சேர்ந்தான். முந்நூறு சிவப்பு நாற்காலி. எங்கே போடுவது என்று தலையைச் சொறிந்தான். சுராஜி சொன்ன இடத்திலேயே போடச் சொன்னாள். வெறும் மண்ணில் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனான்.

மூன்று மணிக்கு, பயணக் குழுவின் சீருடையான பாத்திக் சட்டையில் சுராஜி வந்து இறங்கினான். நாற்காலிகளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணி, நாளைக்கு முந்நூறு பேர் வர்றாங்க."

"வரட்டும். நிலம் உன்னுதுதானே."

மறுநாள் தார்ப்பாய் கட்டி விருந்து நடந்தது. வாழ்த்த வந்தவர்களைவிட, வீடு இருந்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். பள்ளிவாசல் பெரியவர் சபையைப் பார்த்து, இவரை மன்னிக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டார். எல்லாரும் மன்னித்தோம் என்றார்கள். அப்போது பெண்கள் பக்கமிருந்து பைனாவின் குரல் வந்தது: "வார்சினி அக்கா சொன்னாங்களா?"

பெரியவர் பெண்கள் பக்கம் திரும்பினார். பிறகு, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே நேரில் போய்க் கேட்பதுதான் முறை என்று மெல்லச் சொன்னார். சுராஜி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். மன்னிப்பு வாங்காமல் போகிறவர்களுக்குப் புனித ஊரில் என்னென்ன நடக்கும் என்று கராங்ஜாத்தியில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கதை தெரியும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், கணவனும் மனைவியும் மலையேறி வந்தார்கள். சும்பர்வுனியில் தூண்கள் நின்றுவிட்டன. முகட்டு உத்திரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வார்சினி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

சுராஜி கைகூப்பி, பெருநாளில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னான். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்க அண்ணி."

"எந்தத் தப்புன்னு சொல்லு."

அவன் சுற்றிலும் பார்த்தான். நாற்பது ஆண்கள். உதடு மட்டும் அசைந்தது.

"காதுல விழல. மேல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

லாஸ்திரி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். சுராஜி குரலை உயர்த்தினான். "அண்ணன் கையில உணர்வே இல்ல. வேண்டாம்னு தலைய ஆட்டினாரு. நான்தான் விரலப் புடிச்சு வச்சேன்."

கயிறு பிடித்தவர்கள் அசையாமல் நின்றார்கள். வேண்டாமென்று தலையாட்டினானாமே! அது மட்டும் இதுவரை வார்சினிக்குத் தெரியாது. களைந்த அரிசி கைவிரல்களுக்கிடையில் வழிந்தது. அவள் அழவில்லை. அழுதால் இவன் தப்பிவிடுவான் என்று தோன்றியது.

சுராஜி இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் தொட்டால் போதும், மன்னித்ததாகும்.

அவள் தன் கைகளைக் கைலியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வா சுராஜி. நாப்பது நாள்தானே. வந்ததும் பதில் சொல்றேன்."

"அங்க எனக்கு ஏதாவது ஆயிட்டா அண்ணி?"

"உங்கண்ணன் சொல்ல முடியாமப் போனாரு. நீ பதிலக் கேக்க முடியாமப் போ."

நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. லாஸ்திரிதான் அவனைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த பயணத்துக்கு, பதில் வாங்காமலே அவன் மலையிறங்கிப் போனான்.

வார்சினி வாகியோவைப் பார்த்துத் தலையசைத்தாள். கயிறுகள் விறைத்தன. உத்திரம் மேலே ஏறியது.