செல்வின் சொன்ன ஒரே பொய்

சென்ற மாதம் லண்டன் குரோய்டனில் ஒரு மரண விசாரணைக்குப் போயிருந்தேன். வேடிக்கை பார்க்க அல்ல. சாட்சியாக.

இறந்தவன் நிரோஷன். வயது இருபத்து நான்கு. சட்டன் பக்கம் இலங்கைத் தமிழர்கள் நாங்கள் நடத்தும் சின்ன ஃபுட்பால் கிளப்பின் ஆட்டக்காரன். நான் அந்தக் கிளப்பின் செயலாளர் — அதாவது அணியின் பெயர்ப் பட்டியல் அனுப்புவது, மழை பெய்தால் எல்லோருக்கும் மெசேஜ் போடுவது, இப்படியான வேலைகள்.

எனக்கு முன்னால் சாட்சி சொல்லப் போனவர் எங்கள் மேனேஜர் செல்வின்.

பெயரைக் கேட்டதும் மன்னார்ப் பக்கத்து ஆள் என்று நினைத்துவிட்டீர்களா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, எங்கட ஆள் என்று கமிட்டியில் ஒரே சந்தோஷம். நேரில் வந்தவர் ஹொண்டுராஸ்காரர். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர். இருபது வயதுக்குள் தேசிய அணி. பிறகு ஸ்பெயினில் இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்று.

அங்கேதான் முழங்கால் வீங்கியது. வலி தெரியாமலிருக்க ஊசி போடச் சொன்னார் கோச்; போட்டுக்கொண்டு இவர் ஆடினார். அடுத்த வாரமும் ஊசி, அடுத்த வாரமும் ஆட்டம்... ஒரு நாள் ஆட்டத்தில் காலை ஊன்றித் திரும்பியபோது உள்ளே ஏதோ அறுந்தது. இருபத்தெட்டு வயதில் எல்லாம் முடிந்தது.

"வலிக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி, அரைகுறை இங்கிலீஷ்.

மனைவியின் உறவினர்கள் இருந்ததால் லண்டனுக்கு வந்தார். கோச்சிங் லைசென்ஸ் எடுத்து மேனேஜரானார். போன ஒவ்வொரு கிளப்பும் முந்தியதைவிடச் சின்னது. கடைசிப் படிதான் நாங்கள். பகலில் பார்சல் வேன் ஓட்டுவார். சனிக்கிழமை மேட்ச்.

மேட்சுக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "எங்காவது வலிக்கிறதா? உண்மையைச் சொல்" என்பார். வலிக்கிறது என்றால் பெஞ்ச்தான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

அந்த மார்ச் சனிக்கிழமை தோற்றால் நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். டிரெஸ்ஸிங் ரூமுக்கு வெளியே வைத்து நிரோஷன் சொன்னான்: "போன கிழமை காய்ச்சல், கோச். இன்னும் நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"இன்று நீ ஆட வேண்டாம்" என்றார் செல்வின். உடனே.

பக்கத்தில் பட்டியலோடு நின்றவன் நான். செல்வினை ஓரமாகக் கூப்பிட்டேன். "அவன் இல்லாவிட்டால் இன்றோடு முடிந்தது. கமிட்டி முழுக்க வந்து நிற்கிறது. உங்கள் வேலையும் போய்விடும்" என்றேன்.

அவர் மைதானத்தோரம் நின்ற கமிட்டியைப் பார்த்தார். பிறகு நிரோஷனிடம் போய், "முதல் பாதி மட்டும் முடியுமா?" என்று கேட்டார்.

"ஓகே, கோச்." என்னைப் பார்த்து, "டோன்ட் வொரி, மாமா" என்று சிரித்தான்.

இடைவேளைக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. பந்து அவனிடம் இல்லை. பக்கத்தில் எவரும் இல்லை. அப்படியே முகம் குப்புற விழுந்தான்.

முதலில் ஓடியவர் செல்வின் — அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அவர் கைகளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

காய்ச்சல் இதயத் தசையைத் தாக்கியிருந்ததாம். ஆடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா? விசாரணையில் டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை: "இருக்கலாம்."

அவன் நெஞ்சு இறுக்கத்தைச் சொன்னது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருவன் இல்லை. செல்வின் பேசாமலே இருந்திருக்கலாம் அல்லவா?

"அவன் என்னிடம் சொன்னான். தெரிந்துதான் இறக்கினேன்" என்றார்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "அவரை ஆட வைக்கும்படி யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

செல்வின் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லை. அணியைத் தேர்வு செய்வது என் வேலை."

அடுத்தது நான். ஆம்புலன்ஸுக்கு எப்போது போன் செய்தீர்கள், முதலுதவிப் பெட்டி எங்கே இருந்தது... கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. அது பொய்யில் சேராது என்று ரயிலில் வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே செல்வின் விலகிவிட்டார். இனி எந்தக் கிளப் அவரை எடுக்கும்? எனக்கோ, பாவம், நல்ல அலைச்சல் என்று கமிட்டி ஆறுதல் சொன்னது.

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஷனின் அப்பா யோகன் அண்ணையிடம் போனேன். பிரான்ஸிலிருந்து வந்து இங்கே டைல்ஸ் பதிக்கிறவர். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அவன் நாலு நாளா இருமினவன், தம்பி. நானும் கண்டனான். விளையாடப் போகாதை எண்டு சொல்லேல்லை."

பிறகு என்னை நேரே பார்த்தார்.

"ஆனா இதை எனக்கேன் சொல்லுறீர்? அண்டைக்கு விசாரணையிலை அந்த மனுசன் தனிய நிண்டவர். அங்கையெல்லோ நீர் சொல்லியிருக்க வேணும்."

"ஓம், அண்ணை."

"இனியெண்டாலும் சொல்லும்."

வாசல்வரை வந்தார். நான் நீட்டிய கையை வாங்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். கமிட்டிக்கும் ஒரு பிரதி, ராஜினாமாவோடு. செல்வினுக்குப் போன் செய்தேன். அனுப்பியதைச் சொன்னேன்.

"நீயும் சேர்ந்து கெட்டுப்போனால் அவன் திரும்பி வருவானா?" என்றார்.

வரமாட்டான். ஆனால் நமக்காக இன்னொருவர் சொல்லும் பொய் இருக்கிறதே... அதை அவர் ஒருமுறை சொன்னால் போதும், நாம் தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கிளப்பின் பெயரை எழுதவில்லை. அனுப்பிய கடிதத்தில் என் பெயர் இருக்கிறதே — அது போதும்.