இசக்கிசெல்விக்குக் கிடைத்த பதவி

எங்கள் தெரு அம்மன் கொடைத் திருவிழாவில் சாமிப் பொங்கலை எல்லாரும் பொங்கிவிட முடியாது. மாதவிலக்கு நின்றுபோன பெண்தான் பானையைத் தொட வேண்டும். சங்கரன்கோவில் விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றும் இசக்கிசெல்விக்கு அது நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதும், கொடைக் கமிட்டித் தலைவர் வெள்ளத்துரை வாசலில் நின்றே கேட்டார்.

“ஏ செல்வி, சுத்தமா நின்னுட்டுல்லா?”

“வருசம் ஒண்ணாச்சு அண்ணாச்சி!” புருஷன் கோமதிசங்கர்தான் உள்ளேயிருந்து பெருமையோடு சொன்னான். தெருவுக்கே கேட்டது.

அந்த ஒரு வருஷமும் அவள் உடம்பு திடீர் திடீரென்று தீயாய் எரிந்து வியர்த்ததை, தூக்கம் கெட்டதை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னபோது, கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசச் சொன்னார்கள்.

மூன்று கொடைக்குப் பொங்கினாள். நான்காவது கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய பிறகு, மறுபடி ரத்தம் பட்டது.

“வாய மூடிட்டு இரிட்டி. கொடை முடியட்டும்” என்றான் கோமதிசங்கர்.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் ஏஞ்சலிடம் மட்டும் சொன்னாள்.

“யக்கா, நின்ன பொறவு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்.”

“கொடை முடியட்டும்னு சொல்லுதாவ.”

“கர்ப்பப்பைக்குக் கொடை தெரியுமாக்கா?”

அன்று சாயங்காலமே கமிட்டிக் கூட்டத்தில் போய் நின்றாள். “அண்ணாச்சி, எனக்கு ரத்தம் படுது. ஆஸ்பத்திரிக்குப் போறேன். பானைக்கு வேற ஆளு பாருங்க.”

கமிட்டி மொத்தமும் தரையைப் பார்த்தது. வெள்ளத்துரைக்கு வெட்கம் அப்போதுதான் வந்தது. “ஆம்பளைய இருக்க எடத்துல இதெல்லாம் பேசலாமா தாயி?”

“நின்னத நீங்க வந்து கேட்டீய. வந்தத நான் வந்து சொல்லுதேன்.”

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையிலிருந்து சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய கட்டம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், பிழைத்தாள்.

இந்த வருஷம் வெள்ளத்துரை மறுபடி வாசலுக்கு வந்தார். “இனிமே வரவே வராதுல்லா? அப்ப நீயே பொங்கிரு.”

“பொங்குதேன். கொடையன்னைக்கு அர மணி நேரம் மைக்க ஏஞ்சல்கிட்ட குடுங்க. எனக்குச் சொன்னத எல்லாருக்கும் சொல்லட்டும்.”

தெருவே கேட்க அவர் ஒருநாள் விசாரித்த விஷயம்தான். அதை மைக்கில் சொன்னால் அம்மனுக்குத் தீட்டாகுமா என்று கமிட்டி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பானை காலியாக இருக்கிறது.