ஜல்லி ரோட்டில் நாடி பார்த்தவள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நான்காம் மாதம், சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். நாடித்துடிப்பு மட்டும் நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரிலிருந்து மகன் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். எனக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. நான் தோட்ட வேலை பார்க்கும் ஓட்டலுக்குப் பஸ்ஸும் கிடையாது. சைக்கிள் போனால் வேலையும் போய்விடும்.

தார் ரோட்டில் கடிகாரம் நூறுக்குள் காட்டியது. ஆத்தங்குடிப் பக்கம் ஜல்லி பெயர்ந்த ரோட்டில் ஏறியதும் நூற்றைம்பது, நூற்றறுபது என்றது. பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். தினமும் அப்படித்தான். நெஞ்சு வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது வரை படித்தவன் கடிகாரத்தோடு என்ன வாதாடுவது? டாக்டரிடம் சொன்னால் சைக்கிளே வேண்டாம் என்பாரோ என்று வாய் திறக்கவில்லை. தாமதமாக வருகிறேன் என்று மேனேஜர் வேறு ஆள் தேட ஆரம்பித்திருந்தார். அதனால் விடியும் முன்பே கிளம்ப ஆரம்பித்தேன்.

"என்ன, தெனமும் இருட்டோட கெளம்புறீக?" என்று மனைவி மறித்தாள். சொல்லிவிட்டேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் அவளுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டுக்கே வந்தாள். நான் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய்த் திரும்பி வர வேண்டும். வந்து நின்றதும் மணிக்கட்டைப் பிடித்துக் கால் நிமிடம் எண்ணி, நாலால் பெருக்குவாள்.

நடுரோட்டில் அவள் கையைப் பிடித்ததும் எனக்கு உடம்பே குறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருக்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்தினார்.

"இந்த வயசுல ரோட்டுல கையப் பிடிச்சு நிக்கிறீகளே அண்ணே!"

"ஒங்க வீட்டுல போயி நீங்களும் பிடிங்க கொழுந்தனாரே. ஒங்களால எண்ணிக்கை விட்டுப்போச்சு. ஏங்க, இன்னொரு தரம் ஓட்டிட்டு வாங்க."

இரண்டாம் தரம் இருபத்தேழு. அதாவது நூற்றெட்டு. கடிகாரம் நூற்றைம்பத்தாறு என்றது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளை மிதிக்கச் சொன்னார்கள். டாக்டர் அவளையும் எண்ணச் சொன்னார். ஒயர் நூற்றுப்பத்து காட்டியது. அவள் நூற்றுப்பன்னிரண்டு என்றாள். தளர்வாகக் கட்டிய கடிகாரம் ஹேண்டில்பார் குலுக்கலையும் துடிப்பாக எடுத்துக்கொள்ளும், மணிக்கட்டுக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள், பயப்படாமல் ஓட்டுங்கள் என்றார் டாக்டர்.

அடுத்த நாள் நான் எங்கும் இறங்கவில்லை. மேனேஜர் வரும் முன்பே செடிகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்திருந்தேன். சாயங்காலம் மனைவியிடம், "நீ இல்லேன்னா வேல போயிருக்கும்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் பேச வந்தது.

"அதச் சொல்ல வாசல்லயே இம்புட்டு நேரம் நிக்கணுமா? உள்ள வாங்க" என்றாள்.