பதினேழு என்று சொன்ன குரல்

சென்ற மாதம் அவருடைய அடக்கத்தில் பேசியவர்கள் எல்லாரும் பட்டாளத்தையும் கணக்குப் பாடத்தையும்தான் சொன்னார்கள். எனக்கோ பாபநாசத்துப் படித்துறை கண்ணை விட்டுப் போகவில்லை.

பதினைந்து வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியராக வந்தவர். மகளும் அங்கேயே ஒன்பதாம் வகுப்பு படித்தாள். பள்ளி வாசலைத் தாண்டினால் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர்தான் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

சுற்றுலா என்றால் பிள்ளைகளுக்கு எண் கொடுத்துவிடுவார். பட்டாளப் பழக்கம். எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் வரவேண்டும். மகள் பதினேழு.

நான் அந்த வருடம்தான் அங்கே ஆசிரியராக வேலையில் சேர்ந்திருந்தேன். பாபநாசம் சுற்றுலாவுக்கு இரண்டு வண்டிகள். திரும்பும்போது, கூட வந்திருந்த டீச்சர் முன்வண்டியில் கிளம்பிவிட்டார். எங்கள் வண்டியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. எண்ணும் பொறுப்பை சார் என்னிடம் கொடுத்திருந்தார். நாற்பத்திரண்டு குரலும் வந்தன. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எண்ணிக்கை சரியென்றால் எல்லாம் சரி என்று நம்பியே வளர்ந்தவன். ஓட்டுநரைக் கிளம்பச் சொன்னேன்.

வண்டிப் படியில் நின்றிருந்தவர் கையைத் தூக்கினார்.

"வண்டிய நிறுத்தும் வே. பதினேழு சொன்னது எம் பிள்ள இல்ல."

பின்னால் ஒருத்தி அழத் தொடங்கினாள். மீனுக்குப் பொரி போட்ட இடத்தில் கொலுசு கழன்று விழுந்துவிட்டதாம். தேடிவிட்டு வருகிறேன், எண்ணினால் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடு என்று இவளிடம் சொல்லிவிட்டு சாரின் மகள் போயிருக்கிறாள். அப்பா ஏசுவாரே என்ற பயம்.

அவர் குதித்து ஓடுவார் என்று நினைத்தேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தேடப் போகிறோம் என்று பையன்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏலே, உக்காரு. ஒருத்தன் இறங்கக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "நீரு போயிட்டு வாரும். நான் இறங்குனா இந்த நாப்பத்தோரு பிள்ளையளும் எம் பின்னால தண்ணிக்கு வரும்."

நான் ஓடும்போதே அணையில் சங்கு ஊதியது. அவள் கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள். கத்தினேன், ஆற்றின் இரைச்சலில் கேட்கவில்லை. இறங்கி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவள் நின்ற படியையே காணோம்.

வண்டிக்குத் திரும்பியபோது அவர் அதே இடத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவள் 'அப்பா' என்றாள். போய் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு இருக்கை இருக்கையாகப் போய் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். அவள் தலையில் மட்டும் அந்தக் கை கொஞ்சம் நின்றது.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எம் பிள்ளைங்கிறதால கொரலு தெரிஞ்சுது வே," என்றார் பைய. "வேற ஒருத்தர் பிள்ளைன்னா நானும் கிளம்புன்னுதான் சொல்லியிருப்பேன்."

பிறகு எழுந்து போய், ஊர் வந்துசேரும்வரை வாசலிலேயே நின்றார்.

அதன்பின் அவர் யாருக்கும் எண் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை தலை தொட்டுத்தான் எண்ணினார். முடி கலையுது சார் என்று பெரிய பையன்கள் முனகுவார்கள். இப்போது என்னிடம் முனகுகிறார்கள்.